ஹிசாரொனு வளைகுடாவில் ஒரு வாரம்: முதன்முறை படகை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

துருக்கியின் தென்மேற்கு மூலையில், மர்மாரிஸ் ஊரைத் தாண்டியதும் நிலம் இரண்டாகப் பிரிந்து மேற்கே கடலுக்குள் நீள்கிறது. வடக்கே தாட்சா தீபகற்பம், தெற்கே போஸ்புருன் தீபகற்பம், நடுவில் ஹிசாரொனு வளைகுடா. ஒருபக்கம் போத்ரும், மறுபக்கம் கோசெக் என்று படகுகள் மொய்க்கும் ஊர்கள் இருக்க, இந்த இடைவெளிக்குள் வருகிறவர்கள் குறைவு. நீர் விளிம்புவரை பைன் மரங்கள் இறங்கிவரும் குடாக்கள், படகுத்துறையும் சில உணவகங்களுமே ஊராக இருக்கும் கிராமங்கள், கடல்வழியே போனால்தான் அதன் அழகு பிடிபடும் ஒரு பழங்கோட்டை என்று இதன் செல்வம் முழுக்கக் கரையோரத்தில் இருக்கிறது. காரில் வந்தால் பாதிகூடக் கண்ணில் படாது.

இரண்டு முறை இங்கே ஆளுக்குப் பங்கு போட்டுப் படகெடுத்து ஒரு வாரம் இருந்திருக்கிறேன். முதல் முறை, பார்க்க வேண்டிய இடங்களை எழுதிவைத்துக்கொண்டு அந்த வரிசைப்படி ஓடப் பார்த்தோம். மூன்று பிற்பகல்கள் எதிர்காற்றில் அடிபட்டுக் குழந்தைகள் வாந்தியெடுத்ததுதான் மிச்சம். இரண்டாம் முறை காற்றை வைத்து வழியைத் தீர்மானித்தோம். அதே கடல், அதே மாதம், ஒருவருக்கும் தலைசுற்றல்கூட இல்லை. அதனால் படகின் விலையிலிருந்து தொடங்காமல் காற்றிலிருந்து தொடங்குகிறேன்.

காற்றைத் தெரிந்துகொண்டு தேதி குறியுங்கள்

கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் காற்றுக்குத் துருக்கியில் மெல்தெம் என்று பெயர். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடியிருக்க, அனடோலியா நிலப்பரப்பு வெயிலில் காய்ந்து அங்கே அழுத்தம் குறைய, இரண்டுக்கும் இடையில் பிறப்பது இது. ஜூனில் தலைகாட்டி செப்டம்பர் வரை இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். நமக்குப் பழகிய காற்றுபோல் மேகம் கறுத்து, மழைவாசம் வந்து எச்சரிக்காது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே அடிக்கும்.

ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலான நாட்களில் விடியற்காலையில் கடல் அசையாமல் கிடக்கும். நண்பகலை ஒட்டிக் காற்று எழும்பும். மூன்று நான்கு மணிக்கு 20 நாட் (மணிக்கு ஏறத்தாழ 37 கி.மீ.) வேகத்தைத் தாண்டுவது சாதாரணம். பொழுது சாய்ந்ததும் தணியும். ஹிசாரொனு வளைகுடாவின் வாய் மேற்கே திறந்திருப்பதால் காற்று நேரே உள்ளே புகும். இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. மேற்கு நோக்கிப் போக வேண்டிய பயணத்தைக் காலை 7 மணிக்குள் தொடங்கி, எஞ்சினில் ஓட்டி, பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். கிழக்கு நோக்கித் திரும்பும் நாளில் அவசரமே வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் பாய் விரித்தால் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் தேதிகள் மே கடைசியிலிருந்து ஜூன் பாதிவரை, அல்லது செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதிவரை. மே மாதம் கடல் நீர் 20 டிகிரி அளவில் இருப்பதால் குதித்ததும் உடம்பு சிலிர்க்கும். செப்டம்பரில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். குழந்தைகளை நீரிலிருந்து வெளியே இழுப்பதுதான் பாடு. வாடகையும் இந்த மாதங்களில் கணிசமாக இறங்கும். அதே படகுக்கு ஆகஸ்டில் ஏறத்தாழ இரட்டிப்புக் கேட்பார்கள்.

எப்படிப்பட்ட வாடகை

மூன்று வழிகள் உண்டு. படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவது ஒன்று. இதை பேர்போட் என்பார்கள். அதே படகோடு ஒரு ஸ்கிப்பரையும், அதாவது படகோட்டும் தலைவரையும், அமர்த்திக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது, ஓட்டுநர், சமையல்காரர், உதவியாளர் எல்லோரும் இருக்கும் குலெத்தை எடுப்பது. குலெத் என்பது இந்தக் கரைக்கே உரிய அகன்ற மரப்படகு. பஞ்சுயிரி எடுக்கவும் சரக்கேற்றவும் ஓடிய படகுகளின் வாரிசு. போஸ்புருனில் இன்றும் கரையோரப் பட்டறைகளில் அதன் மரச்சட்டகங்கள் நிற்பதைப் பார்க்கலாம்.

எட்டுப் பேருக்கு மேல், வயதானவர்கள் உண்டு, யாருக்கும் கடல் பழக்கமில்லை என்றால் குலெத் நல்லது. தனித்தனி அறை, கழிப்பறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ஆனால் குலெத்துகள் பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடும். பாய்மரப் பயணத்தின் சுவை வேண்டுமென்றால் அது கைகூடாது.

நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குடும்பமோ நண்பர் கூட்டமோ என்றால் ஸ்கிப்பரோடு பாய்மரப் படகு. இதுதான் என் உறுதியான பரிந்துரை. உங்களிடம் உரிமம் இருந்தாலும், இந்தக் கரைக்கு முதல் முறை வரும்போது ஸ்கிப்பரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 150 முதல் 250 யூரோ வரை கேட்பார்கள். அவருக்குச் சாப்பாடு உங்கள் பொறுப்பு, படுக்க ஓரிடமும் தர வேண்டும். எந்தக் குடாவில் இரவில் மலையிலிருந்து காற்று இறங்கும், எந்த உணவகத்துத் துறையில் ஆழம் போதாது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது, அவர் தலையில் இருக்கும்.

ஒற்றை உடல் படகா, கேட்டமரானா என்ற கேள்வி அடுத்து வரும். நம் கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் என்றாலும், இன்றைய கேட்டமரான் இரண்டு உடல்களைப் பாலம்போல் இணைத்தது. சாயாது, இடம் தாராளம், குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. வாடகை அதிகம், துறைகளில் கட்டுகிற கட்டணமும் அதிகம். எதிர்காற்றில் அலை அடிவயிற்றில் அறையும் சத்தம் பலருக்குப் பிடிப்பதில்லை. ஆறு பேருக்குள் இருந்தால் 40 அடி ஒற்றை உடல் படகு போதும்.

உரிமமும் விசாவும்

நீங்களே ஓட்டுவதானால் ஐசிசி எனப்படும் பன்னாட்டுத் தகுதிச் சான்றிதழோ அதற்கு இணையானதோ தேவை. பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்ஒய்ஏ நடத்தும் டே ஸ்கிப்பர் பயிற்சி முடித்தவர்களை நிறுவனங்கள் பொதுவாக ஏற்கின்றன. விஎச்எஃப் வானொலிச் சான்றும் கேட்பார்கள். சான்றின் நகலை முன்பணம் கட்டும் முன்பே அனுப்பி, ‘இது போதும்’ என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் பாய் பிடித்துப் பழக வேண்டுமென்றால் துறைமுகத்துக்குள் 1911 முதல் இருந்துவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் சிறு படகில் தொடங்கலாம். சிறு படகில் காற்றைப் படித்தவர் பெரிய படகில் தடுமாறுவதில்லை.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் துருக்கி விசா வேண்டும். செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டன் அல்லது அயர்லாந்து விசாவோ வசிப்பு அனுமதியோ கையில் இருந்தால் துருக்கி அரசின் இ-விசா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் விண்ணப்ப மையம் வழியாக. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் இருக்கின்றன, முகவரியைச் சரிபாருங்கள்.

இன்னொன்று. போஸ்புருனிலிருந்து பார்த்தால் கிரேக்கத் தீவான சிமி கைநீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தெரியும். நடுவில் ஓடுவது நாட்டு எல்லை. துருக்கியிலிருந்து முறைப்படி வெளியேறும் பதிவு, கிரேக்கத்தில் நுழையும் பதிவு, ஷெங்கன் விசா, வாடகை ஒப்பந்தத்தில் அதற்கான அனுமதி இவையெல்லாம் இல்லாமல் ‘சும்மா ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்’ என்று போகவே கூடாது. ஒரு வாரப் பயணத்தில் சிமியை மறந்துவிடுவது நல்லது.

ஒப்பந்தத்தில் எதைப் படிக்க வேண்டும்

வாடகை வாரம் சனிக்கிழமை மாலை தொடங்கி அடுத்த சனி காலை முடியும். வெள்ளி மாலையே படகு தளத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்லும். ஆக உங்களுக்குக் கிடைப்பது ஆறு பகல்கள். இதை மனத்தில் வைத்துத்தான் வழியைப் போட வேண்டும்.

விளம்பரத்தில் உள்ள வாடகைக்கு மேல் என்னென்ன வரும் என்று ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள்: கடைசித் துப்புரவுக் கட்டணம், படுக்கை விரிப்பு, கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கிக்கு வெளி எஞ்சின், பயணப் பதிவேட்டுக் கட்டணம், டீசல், மரினா எனப்படும் படகுத் துறையில் தங்கும் கட்டணம். பதிவு செய்யும்போது பாதித் தொகையும் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பு மீதியும் கட்டுவது வழக்கம்.

பிணைத்தொகைதான் பலரும் கவனிக்காதது. படகின் அளவைப் பொறுத்து 1500 யூரோவிலிருந்து 3000, அதற்கு மேலும் போகும். ஏறும் நாளில் கடன் அட்டையில் அதை நிறுத்திவைப்பார்கள். உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா, அவ்வளவு வரம்பு இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். திரும்பக் கிடைக்காத ஒரு சிறு தொகை கட்டினால் பிணையைக் குறைத்துக்கொள்ளும் காப்பீடும் உண்டு. முதல் முறை அதை எடுத்துக்கொள்வது நிம்மதி.

போய்ச் சேர்வதும் படகை வாங்கிக்கொள்வதும்

இஸ்தான்புல் வரை பறந்து, உள்நாட்டு விமானத்தில் தலமான் போங்கள். அங்கிருந்து மர்மாரிஸுக்கு மலைச்சாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம். உறுதியான சூட்கேஸ் வேண்டவே வேண்டாம்; படகில் அதை வைக்க இடமிருக்காது. மடித்துச் சுருட்டக்கூடிய துணிப்பையில் கொண்டுபோங்கள். படகின் மேல்தளத்தில் வெறுங்காலோ தளத்தைக் கறைபடுத்தாத அடிப்பாகமுள்ள செருப்போதான் அனுமதி.

படகை ஒப்படைக்கும்போது நிறுவனத்து ஆள் ஒரு மணிநேரம் விளக்குவார். பயணக் களைப்பில் தலையாட்டிவிடாதீர்கள். நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர், தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், கழிவுத்தொட்டியின் வால்வு எங்கே, எரிவாயுவை எங்கே மூடுவது, உயிர்காப்பு மேலாடைகள் எல்லோருக்கும் பொருந்துகிறதா, குழந்தை அளவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். படகின் அடிப்பகுதி தவிர மற்ற எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுங்கள். எங்கள் முதல் பயணத்தில் டிங்கி எஞ்சினின் சுழல் இறக்கையில் ஏற்கெனவே இருந்த உடைசலுக்கு எங்களிடம் பணம் பிடித்தார்கள். படம் இருந்திருந்தால் பேசியிருக்கலாம். அடுத்த முறை நாற்பது படங்கள் எடுத்தேன்; ஒரு வார்த்தை வரவில்லை.

பயணிகள் பெயர், கடவுச்சீட்டு எண்களோடு பயணப் பதிவேட்டை நிறுவனமே துறைமுக அலுவலகத்தில் பதிந்து தரும். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடலோரக் காவல்படை உட்பட எல்லா அவசர உதவிக்கும் தொலைபேசி எண் 112. வானொலியில் 16-ஆம் அலைவரிசை. இரண்டையும் எழுதி சுக்கான் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

ஆறு பகலுக்கு ஒரு வழி

சனி இரவு மரினாவிலேயே தூங்குங்கள். ஞாயிறு விடியலில் மர்மாரிஸ் குடாவை விட்டு வெளியேறித் தென்மேற்கே. கரையெல்லாம் செங்குத்துப் பாறை. அந்தப் பாறைச்சுவரில் திடீரென்று ஒரு கீறல் தென்படும். அதுதான் செர்ச்சே லிமானி. பக்கத்தில் வரும்வரை அங்கே வாயில் இருப்பதே தெரியாது. 11-ஆம் நூற்றாண்டில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளை டன் கணக்கில் ஏற்றிவந்த ஒரு கப்பல் இதற்குள் மூழ்கியது. 1977-லிருந்து 1979 வரை அதை அகழ்ந்தெடுத்தார்கள். மரச்சட்டகமும் சில்லுகளிலிருந்து ஒட்டிச்சேர்த்த பாத்திரங்களும் இப்போது போத்ரும் கோட்டையிலுள்ள நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தஞ்சம் தேடிய கப்பல் தஞ்சத்துக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. இந்தக் குடாவின் உள்ளே மலையிலிருந்து இறங்கும் திடீர்க் காற்றை ஒருமுறை அனுபவித்தால் அது எப்படி நடந்திருக்கும் என்று புரியும்.

செர்ச்சேயில் நீந்திவிட்டு இரவுக்குப் பக்கத்திலுள்ள போஸுக்கலே போய்விடுங்கள். பெயருக்கு ‘சிதைந்த கோட்டை’ என்று பொருள். பண்டைய லோரிமா ஊரின் துறைமுகம் இது. வாயிலில் பாறை முகட்டின்மேல் ஹெலனிய காலக் கோட்டைச் சுவர் சாந்தில்லாமல் அடுக்கிய கல்லோடு அப்படியே நிற்கிறது. உள்ளே உணவகத்துத் துறைகள் உண்டு. மாலை வெயிலில் மேலே ஏறினால் ரோட்ஸ் தீவுவரை தெரியும்.

திங்கள் காலை சீக்கிரம் கிளம்பி, மேற்குமுனையைச் சுற்றி போஸ்புருன். படகுப் பட்டறைகளைப் பார்க்கவும் காய்கறி, தண்ணீர் நிரப்பவும் நல்ல ஊர். தைம் என்ற மூலிகையின் பூத்தேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

செவ்வாய், தீபகற்பத்தின் முனையைச் சுற்றி ஹிசாரொனு வளைகுடாவுக்குள் நுழைந்து செலிமியே. முனைவரை எதிர்காற்று, திரும்பியதும் பின்காற்று. ஆகவே முனையைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். புதன், வளைகுடாவின் உட்கோடியில் ஒர்ஹானியே. அங்கே கிஸ்குமு என்ற செம்மணல் திட்டு அறுநூறு மீட்டர் அளவுக்குக் குடாவின் நடுவே நீள்கிறது. முழங்காலளவு நீரில் கடல்மேல் நடப்பதுபோல் நடந்துபோகலாம். படகோடு வருகிறவர்களுக்கு அதுவே ஆபத்து. தூரத்தில் ஆட்கள் தண்ணீர்மேல் நிற்பதுபோல் தெரிந்தால் அந்தப் பக்கம் படகைத் திருப்பாதீர்கள்.

அங்கிருந்து வடக்கே பென்ஜிக். ஆறுபோல் ஒடுங்கி உள்ளே போகும் நீர்க்கால், இருபுறமும் பைன். அதன் தலைமாட்டில் தாட்சா தீபகற்பம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு இறுகிவிடுகிறது. அப்பால் கோகோவா வளைகுடா. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகப் படை வந்தபோது, இந்தத் தீபகற்பத்தின் கிரேக்க நகரமான க்னிதோஸின் மக்கள் இங்கே நிலத்தை வெட்டித் தங்கள் ஊரைத் தீவாக்கிக்கொள்ள முயன்றார்கள். பாறைச் சிதறல் தெறித்துத் தொழிலாளர்களின் கண்கள் புண்ணாயின. கிரேக்கத்தின் டெல்பி கோயில் குறிக்காரியிடம் கேட்டபோது, தீவாக வேண்டுமென்றால் சேயுஸ் கடவுளே அப்படிப் படைத்திருப்பார், வெட்டாதீர்கள் என்று பதில் வந்தது. ஊர் சண்டையில்லாமல் பாரசீகரிடம் பணிந்தது. இரவில் இங்கே நங்கூரமிட்டுப் படுத்தால் தவளைச் சத்தமும் பைன் வாசமும் மட்டும்தான்.

வியாழன் திரும்பும் வழி. மீண்டும் போஸுக்கலேயோ அதற்கு முன்னால் ஒரு குடாவோ. வெள்ளி பின்காற்றில் மர்மாரிஸ்.

க்னிதோஸ் இந்தப் பட்டியலில் இல்லையே என்று கேட்பீர்கள். கிரேக்கச் சிற்பி பிரக்ஸிட்டலஸ் செதுக்கிய காதல் தெய்வம் அப்ரோடிட்டியின் சிலை நின்ற ஊர், இரட்டைத் துறைமுகம், தீபகற்பத்தின் கடைமுனை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் மர்மாரிஸிலிருந்து கிளம்பி ஆறு நாளில் அதையும் சேர்த்தால் நாள் முழுக்க ஓட்டம்தான்; அங்கே நங்கூரம் பிடிப்பதும் சிரமம், தெற்குக் காற்றுக்குப் பாதுகாப்பும் போதாது. ஒர்ஹானியேயிலும் ஒரு மரினா இருக்கிறது. அங்கே தளமுள்ள படகு கிடைத்தால் முதல் இரண்டு நாள் மிச்சமாகும்; அப்போது தாட்சா ஊர் வழியாக க்னிதோஸ் போய்வரலாம், தாட்சா பாதாமும் வாங்கலாம்.

கட்டுவது எப்படி

இந்தக் கரையில் ஆழம் சட்டென்று விழும். கரையிலிருந்து சில படகு நீளத் தூரத்திலேயே 15 மீட்டர் இருக்கும். அதனால் நங்கூரத்தை வெளியே போட்டு, பின்பக்கமாகக் கரையை நெருங்கி, கயிற்றைப் பாறையிலோ மரத்திலோ கட்டுவார்கள். கயிற்றோடு நீந்திப் போக ஒருவர் தேவை. நீரில் போடும் காலணியோடு போகட்டும், பாறையில் கடல் முள்ளெலி இருக்கும். சங்கிலியை ஆழத்தைப்போல் நான்கு மடங்காவது விடுங்கள். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி முடுக்கி, கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பார்த்து, அவை நகரவில்லை என்றால்தான் நங்கூரம் பிடித்திருக்கிறது. யாராவது நீரில் இருக்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

உணவகத்துத் துறைகளில் வேலை எளிது. நீங்கள் நெருங்கும்போதே ஒருவர் கையசைத்து இடம் காட்டி, கடலடியில் கட்டிய கயிறொன்றைத் தூக்கித் தருவார். துருக்கியர் அதை தோனோஸ் என்பார்கள். அதை முன்பக்கம் இழுத்துக் கட்டினால் நங்கூரமே வேண்டாம். கட்டணம் கேட்பதில்லை, இரவு அங்கே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். மீன் எடைக்கு விலை. சமைக்கச் சொல்வதற்கு முன் தராசில் வைத்து விலை கேட்டுவிடுங்கள். அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

தண்ணீர், மின்சாரம், கழிவு

40 அடிப் படகில் தொட்டி 300 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆறு பேர் ஊரில் குளிப்பதுபோல் குளித்தால் இரண்டு நாளில் காலி. கடலில் குளித்து, கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் பழகுங்கள். கரை மின்சாரம் இல்லாத இடத்தில் மின்குக்கர், கெட்டில் ஓடாது. எரிவாயு அடுப்புக்கு ஒரு சிறு பிரஷர் குக்கர் கொண்டுபோனால் சோறும் பருப்பும் கால்மணியில் முடியும். மைசூர்ப் பருப்பு, அரிசி, தயிர், கத்தரி, வெண்டை எல்லாம் மர்மாரிஸ் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். புளி, சாம்பார்ப்பொடி, கடுகு மட்டும் வீட்டிலிருந்து.

கழிவுநீரைக் கடலில் விடுவது இந்த மாகாணத்தில் கடுமையான குற்றம். நீல அட்டை என்று பொருள்படும் மாவி கார்ட் ஒன்று ஒவ்வொரு படகுக்கும் உண்டு. மரினாவில் கழிவை உறிஞ்சி எடுக்கும்போது அதில் பதிவாகும். அட்டையை ஏறும்போதே கேட்டு வாங்குங்கள். படகுக் கழிப்பறைக்குள் காகிதம் போட்டால் அடைத்துவிடும் என்பதை முதல் நாளே எல்லோருக்கும், குழந்தைகளுக்குத் தனியாகவும், சொல்லிவிடுங்கள்.

திரும்ப ஒப்படைப்பது

வெள்ளி மாலை டீசல் நிரப்பும் துறையில் வரிசை நிற்கும். நான்கு மணிக்குள் சேர்ந்துவிட்டால் நல்லது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்து முக்குளிப்பவர் படகின் அடிப்பகுதியைப் பார்ப்பார். பார்க்கும்போது பக்கத்தில் இருங்கள். ஏதாவது உடைந்திருந்தால் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் பேச்சு வளரும். பிணைத்தொகையை விடுவித்ததற்கான தாளில் கையெழுத்து வாங்கிய பிறகு பைகளை இறக்குங்கள்.